மறு: கலைச்சொல் வேண்டும் – ஸ்கிரிப்ட் இஞ்செக்‌ஷன்

> ‘கிராஸ்-சைட் ஸ்கிரிப்டிங்’ – ‘குறுக்குத்தள நிரலாக்கம்’ என்று வைத்துக்கொள்ளலாமா? ஆவணமாக்கக் கருவிகளுக்கான வழிகாட்டியில் இந்த ஒரு சொல்தான் பாக்கி.

வணக்கம்.

வேண்டாம். வெளியாளின் ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) ஒரு தளத்தின் பக்கத்தில் நுழைந்து, படிப்பவர் பிரவுசரில் ஓடுவதுதான் இந்தத் தாக்குதல். ஆங்கிலப் பெயரே கோணல். 2000 தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் வைத்தது. அப்போது அவர்கள் கண்ணில் பட்டது தளம் விட்டுத் தளம் தாவும் தாக்குதல். இப்போது ஒரே தளத்தின் தேடல் பெட்டியிலேயே காரியம் முடிந்துவிடுகிறது. ‘நிரலாக்கம்’ இன்னும் மோசம், அது புரோகிராமிங்.

ஆவணக் கருவிகள் மூலநிரலில் உள்ள கமெண்டை (நிரலர் எழுதும் விளக்கக் குறிப்பை) எடுத்து எச்டிஎம்எல் பக்கமாக்குகின்றன. கமெண்டில் < வந்தால் அதை வெறும் எழுத்தாக மாற்றி எழுத வேண்டும். அப்படியே விட்டால், வெளியாள் அனுப்பிய பேட்சில் (நிரல் திருத்தத்தில்) ஒளிந்திருக்கும் ஸ்கிரிப்ட் டேக் படிப்பவர் பிரவுசரில் ஓடும். கமெண்டை மார்க்டவுன் என்னும் எளிய குறியீட்டு முறையில் எழுதினால், < அடைத்தாலும் போதாது: சுட்டியின் முகவரி ‘ஜாவாஸ்கிரிப்ட்:’ என்று தொடங்கினால், சொடுக்கியதும் ஓடும். தேடல் பக்கத்தில், தேடிய சொல்லை முகவரியிலிருந்து எடுத்து ‘இன்னர்எச்டிஎம்எல்’ வழியாக, அதாவது எச்டிஎம்எல்லாகவே, காட்டினால் அதே கதி. ‘டெக்ஸ்ட்கண்டென்ட்’ வழியாக, வெறும் எழுத்தாக, காட்டினால் பிழைத்தோம்.

ஜாவா மொழியின் ஆவணக் கருவியான ஜாவாடாக்கையும் (பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2013-1571) சேர்த்துப் பாருங்கள். ஜாவா 7 அப்டேட் 21 வரை, அது உருவாக்கிய முகப்புப் பக்கம் ?-க்குப் பின்னால் உள்ள முகவரியை ஃபிரேமில் (பக்கத்துக்குள் இன்னொரு பக்கம் காட்டும் சட்டகத்தில்) ஏற்றியது. வெளித்தளம் வராமலிருக்க அதில் : இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. // என்று தொடங்கும் முகவரிக்கு : எதற்கு? அடுத்தவர் பக்கம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. 2013 ஜூனில் அப்டேட் 25 இதைச் சரிசெய்தது. ஆனால் கருவியைப் புதுப்பித்தால் பழைய பக்கங்கள் திருந்திவிடாது. மறுபடி உருவாக்க வேண்டும், அல்லது ஆரக்கிள் தந்த திருத்துகருவியை அவற்றின்மேல் ஓட்ட வேண்டும்.

ஃபிரேம் வந்தால் ஏமாறுவது படிப்பவர் கண். ஸ்கிரிப்ட் வந்தால் பிரவுசரே ஏமாந்து, தளத்தின் சொந்த நிரல் என்று நம்பி, ஸ்கிரிப்ட் படிக்க முடியாதபடி காப்பிடாத குக்கியைக்கூட (உள்நுழைவு அடையாளம் போன்றவற்றை பிரவுசர் வைத்திருக்கும் குறிப்பு) எடுத்துக் கொடுத்துவிடும்.

இதற்கு நம்மிடம் பழைய பெயர் உண்டு: இடைச்செருகல். கம்பராமாயணத்தில் ‘வெள்ளிப்பாடல்’ என்று ஒதுக்கினார்களே, அதேதான். யாரோ எழுதியது, கம்பர் வாக்காகப் படிக்கப்பட்டது. பெசன்ட் நகர் உ.வே.சா. நூல்நிலையத்தில் சுவடி பார்க்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆகவே ‘நிரல் இடைச்செருகல்’. ஜாவாடாக்கில் வந்தது ‘சட்டக இடைச்செருகல்’.

---

> ஆகவே ‘நிரல் இடைச்செருகல்’

சொல் நன்றாயிருக்கிறது, ஒரு தடங்கல். பிளக்-இன்னுக்குச் ‘செருகுநிரல்’ ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அவசரத்தில் படிப்பவர் பிளக்-இன்னில் கோளாறு என்றே எடுத்துக்கொள்வார். தரவுத்தளக் கட்டளைக்குள் வெளியாள் கட்டளை நுழைவதற்கு ‘எஸ்கியூஎல் உட்செலுத்தல்’ புழக்கத்தில் இருக்கிறதே, ‘நிரல் உட்செலுத்தல்’ போதாதா? தவிர, ஸ்கிரிப்ட் என்றால் ‘குறுநிரல்’ அல்லவா?

---

> ‘நிரல் உட்செலுத்தல்’ போதாதா?

உட்செலுத்தல் என்றால் எனக்கு ஊசிபோடும் நர்ஸம்மாதான் நினைவுக்கு வருகிறார். கையை நாமே நீட்டுகிறோம். திருட்டுத்தனம் அதில் இல்லை. எஸ்கியூஎல்லுக்கு அது இருந்துவிட்டுப் போகட்டும்.

செருகுநிரல் குழப்பம் உண்மைதான். ‘இடை’யை ஒருபோதும் விடக்கூடாது, ‘செருகல்’ என்று சுருக்கக்கூடாது என்று வழிகாட்டியின் சொல்லடைவிலேயே எழுதிவிடுவோம். ‘குறு’ வேண்டாம், நுழைந்தது பத்து வரியானாலும் ஆயிரம் வரியானாலும் சேதம் ஒன்றுதான்.

வழிகாட்டி வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: “தேடல் பக்கத்தில் நிரல் இடைச்செருகலுக்கு இடமளிக்கும் ஓட்டை உள்ளது. கருவியைப் புதுப்பித்தபின் எல்லாப் பக்கங்களையும் மீண்டும் உருவாக்கி வழங்கியில் ஏற்றுக.” வாய்விட்டுப் படித்தால் தடுக்கவில்லை. மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.