தென்காசிச் சாரல் மேகங்களை எடிட்டிங்கில் வெளிக்கொணர்ந்த அனுபவம்

ஆடி மாதத்தில் தென்காசி பக்கத்துச் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்களைப் படமெடுத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரிந்திருக்கும். கேரளப் பக்கமிருந்து மலையைத் தாண்டி வரும் மேகம் மேற்கே குவிந்து நிற்க, பிற்பகலில் சூரியனும் அதே பக்கம் இறங்கிவிடுவதால், பூக்களுக்கு ஏற்ப எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவு) வைத்தால் வானம் வெளுத்துவிடும்; வானத்துக்கு ஏற்ப வைத்தால் வயல் இருண்டுவிடும்.

சென்ற ஆண்டு நானும் நண்பர் ஒருவரும் ஒரே வரப்பில் நின்று ஒரே மேகத்தை எடுத்தோம். அவர் வயல் பளிச்சென்று தெரியும்படி, கேமராவே சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக்கில் எடுத்தார். நான் ஒளியின் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்து, சென்சாரின் பதிவை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தேன். பிறகு இரண்டையும் எடிட்டிங் மென்பொருளான லைட்ரூமில் திறந்து, வெளிச்சமான பகுதிகளை மாற்றும் ஹைலைட்ஸைக் குறைத்தபோது, என் படத்தில் மேகத்தின் மடிப்புகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. அவருடையதில் வெண்மை சாம்பலாக மாறியதே தவிர, உள்ளே ஒன்றும் தென்படவில்லை. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 ஒளிப்படிகள்தாம். 14 பிட் ரா கோப்பிலோ 16,384. அதைவிட முக்கியமானது, சென்சார் நிரம்பி வழிந்த இடத்தில் பதிவே இல்லை என்பதால், எந்த ஸ்லைடராலும் அங்கே எதையும் மீட்க முடியாது.

மேகத்தின் நுணுக்கம் அதன் சாம்பல் நிற அடிப்பகுதியில் இருக்கிறதே ஒழிய, பக்கத்து நீலத்தில் இல்லை என்பது என் உறுதியான கருத்து. பலரும் நீலத்தின் லுமினன்ஸை (பிரகாசத்தை) அளவுக்கு மீறி இறக்கிவிடுகிறார்கள். வானத்தில் புள்ளிகள் எழுந்து, நீலம் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடுகிறது. நான் வானத்தை மட்டும் மாஸ்க் செய்து (தனியே தேர்ந்தெடுத்து), ஹைலைட்ஸை இறக்கிய பின் மிக வெளுத்த பகுதிகளுக்கான வைட்ஸைச் சற்றே ஏற்றுகிறேன். அப்போது வெயில் படும் விளிம்பு வெண்மையாகவே நிற்க, அடிப்பகுதி தனித்துத் தெரிகிறது. புகைமூட்டத்தை நீக்கும் டீஹேஸை மிகக் குறைவாகவே தொடுகிறேன். சாரலின் புகைமூட்டமும் அந்த ஊரின் அழகுதானே.

அதிக நேரம் எடுப்பவை பனைமரங்கள். ஓலைகளின் இடுக்கில் தெரியும் வானத்தை மாஸ்க் பெரும்பாலும் தவறவிட்டுவிடுவதால், சுற்றிலும் வானம் அடர்ந்திருக்க, இடுக்குகள் மட்டும் வெள்ளை வெள்ளையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். படத்தைப் பெரிதாக்கி, பிரகாசத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கும் லுமினன்ஸ் ரேஞ்சைக் கொண்டு அந்த இடுக்குகளையும் மாஸ்க்கோடு சேர்த்துவிட வேண்டும்.

இரண்டு எக்ஸ்போஷர்களை இணைக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். 1850களிலேயே பிரான்சின் ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரு நெகட்டிவ்களைச் சேர்த்து அச்சிட்டிருக்கிறார், முறை நல்லதுதான். ஆனால் சாரல் காற்றில் பூக்கள் ஆடிக்கொண்டே இருப்பதால், இணைத்த படத்தில் இதழ்கள் இரட்டையாகத் தெரியும். அதைவிடக் காலையிலேயே போய்விடுவது மேல். முதிர்ந்த சூரியகாந்தி கிழக்கு நோக்கியே நிற்கும். மலையைப் பார்த்து நிற்கும் நமக்குப் பூக்களின் முகமும் தெரியும், முதுகுப்பக்கமிருந்து வரும் வெயில் மேகத்தின் மீதும் வயலின் மீதும் சேர்ந்தே விழுவதால் ஒரே எக்ஸ்போஷரில் இரண்டும் அடங்கிவிடும்.