கலைச்சொல்: மதிப்பீட்டாளர் பாரபட்சமா, சாய்வா?

அனைவருக்கும் வணக்கம்.

பணியிடப் பாலியல் தொல்லை வழக்குகளில் உளமருத்துவரின் அறிக்கை ஒரு பக்கமாக நகர்வதை ‘எவாலுவேட்டர் பயஸ்’ என்கிறார்கள். இதற்குத் தமிழில் ‘மதிப்பீட்டாளர் பாரபட்சம்’ என்ற பரிந்துரை எனக்கு ஏற்பில்லை. பாரபட்சம் என்றாலே தெரிந்து செய்யும் ஓரவஞ்சனை என்று பொருள்படும். இங்கே பெரும்பாலும் தெரியாமல்தான் நடக்கிறது. 2013இல் அமெரிக்காவில் உளவியல் ஆய்வாளர்கள் மரி, போக்காச்சினி குழுவினர் நூற்றுக்கும் மேற்பட்ட நிபுணர்களிடம் பாலியல் குற்றவாளிகளின் ஒரே கோப்புகளைக் கொடுத்தார்கள். யார் அரசுத் தரப்புக்கு, யார் எதிர்த்தரப்புக்கு என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். அரசுத் தரப்புக்கு வேலை செய்வதாக நம்பியவர்கள் அபாய மதிப்பெண்ணைக் கூட்டியே போட்டார்கள். மதிப்பிடுபவரின் ஊகத்துக்கு இடம் தரும் பிசிஎல்-ஆர் (சைக்கோபதி என்னும் ஆளுமைக் கூறுகளை அளப்பது) அளவுகோலில் வேறுபாடு பெரிது. மீண்டும் பாலியல் குற்றம் செய்யும் அபாயத்தைக் கணிக்க வயது, பழைய தண்டனைகளை எண்ணும் ஸ்டேட்டிக்-99ஆர் அளவுகோலில் சிறிது.

குறளில் (119) ‘உட்கோட்டம்’ என்ற அருமையான சொல் இருக்கிறது. ஆனால் இன்று அது காவல்துறை நிர்வாகப் பிரிவின் பெயர். ‘சார்பு’ கணிதத்தில் ஃபங்ஷன். ஆகவே ‘மதிப்பீட்டாளர் சாய்வு’.

——

ஐயா, வணக்கம்.

‘சாய்வு’ம் கணிதத்தில் ஸ்லோப்தான், ஆனால் ‘மதிப்பீட்டாளர்’ முன்னால் நிற்கும்போது குழப்பம் வராது. ஏற்கிறேன். எனினும் இந்த ஒரு சொல் போதாது. வகைக்கு வகை மருந்து வேறு.

நீங்கள் சொன்ன ஆய்வில் இருப்பது ‘அமர்த்துதரப்புச் சாய்வு’, அதாவது தன்னை அமர்த்திய தரப்பின் பக்கம் சாய்வது. வழக்கறிஞரின் கடிதத்தைப் படிக்கும் முன்பே மருத்துவப் பதிவேடுகளைப் படித்து முதற்கருத்தை எழுதிவைத்தால் ஓரளவு குறையும்.

தொல்லை வழக்குகளில் அதைவிடச் சிக்கலானது ‘நோய்ப்பெயர்ச் சாய்வு’, அதாவது நோய்ப்பெயர் சூட்டுவதில் வரும் சாய்வு. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்க்கையேடான டிஎஸ்எம்-5 படி பிடிஎஸ்டி (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன உளைச்சல் கோளாறு) என்று சொல்ல மரணம், கடுங்காயம், பாலியல் வன்முறை ஆகியவற்றில் ஒன்றோ அதன் அச்சுறுத்தலோ நேர்ந்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் கேட்ட ஆபாசப் பேச்சு அதில் பொதுவாக அடங்காது. ஒரு மதிப்பீட்டாளர் அதையும் பிடிஎஸ்டிக்குள் இழுத்துச் செருகுவார். இன்னொருவர் பிடிஎஸ்டி இல்லை, ஆகவே பாதிப்பே இல்லை என்பார். இரண்டுமே தவறு. மனச்சோர்வையும் தகவமைவுக் கோளாறையும் (நெருக்கடியைச் சமாளிக்க முடியாமல் வரும் மனப்பாதிப்பு) தேடிப் பார்த்திருக்க வேண்டும். மூன்றாமவர் அந்தப் பெண்ணின் கோபத்தையும் அவநம்பிக்கையையும் பார்த்து ‘ஆளுமைக் கோளாறு’ என்று எழுதிவிடுவார். தொல்லை தொடங்கும் முன் அவர் எப்படி இருந்தார் என்று விசாரித்திருக்கவே மாட்டார். இந்தப் பிழைதான் வழக்குத் தொடுத்தவரை அதிகம் காயப்படுத்துகிறது.

ஹாரிஸ் எதிர் ஃபோர்க்லிஃப்ட் சிஸ்டம்ஸ் வழக்கில் (1993) அமெரிக்க உச்ச நீதிமன்றம், கடும் உளப்பாதிப்பை நிரூபித்தால்தான் தொல்லை என்றில்லை என்று தீர்த்தது. எனவே வரையறையில் ‘தொல்லை நடந்ததா என்று தீர்ப்பது மதிப்பீட்டாளர் வேலையல்ல’ என்ற வரியையும் சேர்க்க வேண்டும்.

சிகிச்சை தரும் மருத்துவரே நிபுணராகவும் சாட்சி சொல்வது ‘இரட்டைப் பங்கு’. அதைச் சாய்வின் வகையாக்க வேண்டாம். தனி இழையில் பேசலாம்.