நார்ட்ரிப்டிலின்: கியூசி (அளவு தெரிந்த தரக்கட்டுப்பாட்டு மாதிரி) சரி, நோயாளியின் சாம்பிள் மட்டும் குறைகிறது

கேள்வி:
எல்சி-எம்எஸ்/எம்எஸ்ஸில் (பொருட்களைப் பிரித்து எடையால் அடையாளம் காணும் கருவி) மனச்சோர்வு மருந்துகளான அமிட்ரிப்டிலினும் நார்ட்ரிப்டிலினும் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்கிறோம். சீரத்தில் அசிட்டோநைட்ரைல் விட்டுப் புரதத்தைப் படியவைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மேலே நிற்கும் தெளிவை ஏற்றுகிறோம். இன்டர்னல் ஸ்டாண்டர்டு (ஒப்பிட்டு அளக்க ஒவ்வொரு சாம்பிளிலும் தெரிந்த அளவில் சேர்ப்பது) நார்ட்ரிப்டிலின்-டி3, அதாவது டியூட்டீரியம் ஏற்றிய அதே மருந்து. கியூசி மூன்று மட்டத்திலும் பிசகாமல் வருகிறது. ஆனால் ஒரே நோயாளியிடம் ஒரே நேரத்தில் எடுத்த இரண்டு குழாயில் நார்ட்ரிப்டிலின் ஒன்றில் 72, மற்றதில் 53 நானோகிராம்/மி.லி. மூன்று முறை ஓட்டியும் அப்படியே. எங்கே தேடுவது? சிகிச்சை வரம்பின் கீழ் எல்லையான 50-க்குக் கீழே ரிப்போர்ட் போனால் மருத்துவர் டோஸைக் கூட்டிவிடுவார், அதுதான் பயமாக இருக்கிறது.

பதில் 1:
இரண்டும் ஒரே வகைக் குழாயா? 53 காட்டியது ஜெல் குழாய் (சீரத்தையும் ரத்த அணுக்களையும் பிரிக்க உள்ளே ஜெல் வைத்தது) என்றால் கருவியைத் தொடவே வேண்டாம். நார்ட்ரிப்டிலின் போன்ற ட்ரைசைக்ளிக் மருந்துகளுக்குக் கொழுப்புப் பொருள் பிடிக்கும், மெல்ல மெல்ல ஜெல்லுக்குள் போய்விடும், சீரம் கொஞ்சமாக இருந்து குழாய் நெடுநேரம் நின்றால் இன்னும் மோசம். கியூசி ஜெல்லைத் தொட்டதே இல்லை, அதனால் சரியாக வருகிறது. டி3-யை மருந்து ஜெல்லுக்குள் போன பிறகுதானே சேர்க்கிறீர்கள், முன்பு நடந்த இழப்பு அதற்கு எப்படித் தெரியும்?

பதில் 2:
எனக்கும் ஜெல் மேல்தான் சந்தேகம். ஆனாலும் ஒரு தடவை 184→184 (பாஸ்போலிப்பிடைக் காட்டும் அயனி எடைகள்) வைத்து ஓட்டிப் பாருங்கள், அசிட்டோநைட்ரைல் புரதத்தைப் பிடிக்குமே தவிர பாஸ்போலிப்பிடை, அதாவது ரத்தத்திலுள்ள ஒரு கொழுப்பை, விட்டுவிடும். உங்கள் மருந்தின் பீக் (கருவி வரையும் மேடு) அது வரும் நேரத்திலேயே வந்தால் அது சிக்னலை அமுக்கிவிடும், கிரேடியன்டை (கரைப்பான் கலவை மாறும் வேகத்தை) மாற்றுங்கள். நாங்கள் சீரத்தைக் காரமாக்கி ஹெக்சேனில் பிரித்தெடுக்கிறோம், கொஞ்சம் ஐசோஅமைல் ஆல்கஹால் கலந்தால் மருந்து கண்ணாடியில் ஒட்டுவது குறையும்.

பதில் 3:
பின்னால் வென்லாஃபாக்சின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தையும் இந்தச் சோதனையில் சேர்ப்பதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அதன் வளர்சிதைப் பொருளான ஓ-டெஸ்மெத்தில்வென்லாஃபாக்சினுக்கும் வலிமருந்து ட்ரமடாலுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே, இரண்டுமே 264→58-இல் தெரியும். கருவியின் பிரிப்புக் குழாய்தான் (column) இரண்டையும் பிரித்துக் கொடுக்க வேண்டும். வென்லாஃபாக்சின் எடுக்காத ஒருவருக்கு அழகான பீக் வந்து ஒரு நாள் முழுக்கத் தவித்தோம், கடைசியில் ட்ரமடால்.

கேள்வி கேட்டவர்:
பார்த்துவிட்டேன், 53 ஜெல் குழாய்தான், இரவு முழுக்கச் சீரம் ஜெல்லின் மேலேயே நின்றிருக்கிறது. இனி ஜெல் இல்லாத குழாய் மட்டும், அடுத்த வேளை மாத்திரைக்கு முன் எடுத்தது மட்டும் என்று ரத்தம் எடுப்பவர்களுக்கு எழுதிவிட்டேன். ஏற்கெனவே ஜெல் குழாயில் வந்து ரிப்போர்ட் போனவற்றைப் பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறேன், அந்த மருத்துவர்களை நாளைக்குள் கூப்பிட்டுச் சொல்லியாக வேண்டும்.