புதுப்பிப்பு: காடாத் துணியில் முருகன் வந்துவிட்டார்

குமாரசாமிப்பேட்டை தைப்பூசத்துக்கு எங்கள் காவடிக் குழு பிடித்துப் போகிற துணியில் அக்ரிலிக் பெயிண்டில் முருகன் வரையலாமா, மடித்தால் பெயிண்ட் வெடிக்காதா என்று கேட்டிருந்தேன். வரைந்தாயிற்று. வெடிக்கவில்லை.

வரையுமுன் அடிப்பூச்சாக ஜெஸோ என்ற வெள்ளைப் பூச்சை அடிக்கச் சொன்னீர்கள் பலர். சுவரில் மாட்டும் படத்துக்குச் சரி. சுருட்டி எடுத்துப் போகும் துணி அதில் விறைத்துவிடும். அதனால் காடாவைக் கஞ்சி போக அலசி, காயவைத்து, மரச்சட்டத்தில் இழுத்து அடித்தேன். பெயிண்ட் இரண்டு பங்குக்கு ஃபேப்ரிக் மீடியம் (பெயிண்ட் துணியில் விறைக்காமல் பிடிக்கக் கலக்கும் திரவம்) ஒரு பங்கு. தண்ணீர் கூடினால் நிறம் இழை வழியே ஓடி, வேலின் விளிம்புக்கு மீசை முளைத்துவிடும்.

முகம்தான் வேலை வாங்கியது. அக்ரிலிக் காய்ந்ததும் ஒரு சாயல் கறுக்கும், அதனால் மேனி நிறத்தைக் கொஞ்சம் வெளிறலாகவே கலந்தேன். கன்னத்து நிழலை இழைப்பதற்குள் காய்ந்து தொலைக்கிறது. காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில சொட்டு விட்டதும் வழிக்கு வந்தது. "கண்ணைக் கடைசியா தொறடா" என்றார் அத்தை. அப்படியே செய்தேன். மயில் கழுத்துக்கு முதல் பூச்சு நீலம், அது காய்ந்ததும் மேலே கண்ணாடி மாதிரி மெல்லிய பச்சை. எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

அப்புறம், துவைக்கலாமா என்று கேட்டவருக்கு: நன்றாகக் காய்ந்தபின் பின்பக்கமாக, நீராவி இல்லாமல் இஸ்திரி போடுங்கள். அதன்பிறகு பச்சைத் தண்ணீரில் கையால் அலசலாம், முறுக்கிப் பிழியக் கூடாது. மடிக்காமல் குழாயில் சுற்றுங்கள், படம் வெளிப்பக்கம் இருக்கும்படி.