டிலேய்ட் ஃபுட் சென்சிட்டிவிட்டி: தமிழில் என்ன சொல்வது? (வெள்ளிக்குள் வேண்டும்)

அனைவருக்கும் வணக்கம்.

நோயாளிகளுக்கான நான்கு பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சந்தேகப்படும் உணவுகளை 2 முதல் 6 வாரம் வரை நிறுத்திவைப்பது எலிமினேஷன் டயட். அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சாப்பிட்டுப் பார்ப்பது ரீஇன்ட்ரடக்‌ஷன். சாப்பிட்ட அன்று ஒன்றும் செய்யாமல் மறுநாளோ மூன்றாம் நாளோ வயிற்று உப்பசம், தலைவலி, அரிப்பு என்று வருவதுதான் தலைப்பில் இருப்பது. 'விலக்குணவு', 'மறு அறிமுகம்', 'தாமத ஒவ்வாமை' என்று போட்டுவைத்திருக்கிறேன். மூன்றுமே உறுத்துகின்றன.

---

> விலக்குணவு

இது வினைத்தொகை ஆகிவிடும், ஊறுகாய் போல. விலக்கிய உணவு, விலக்கும் உணவு. 'விலக்குணவை ஆறு வாரம் கடைப்பிடிக்கவும்' என்று அச்சிட்டால், எதை விலக்க வேண்டுமோ அதையே சாப்பிடச் சொல்வதாகப் படிக்க இடமிருக்கிறது. 'விலக்குப் பத்தியம்' என்று போடுங்கள், யாருக்கும் விளங்கும்.

---

பத்தியம் வடசொல், தாமதமும் வடசொல். நம்மிடம் இல்லாததா? திருக்குறளின் மருந்து அதிகாரத்தைப் பாருங்கள்: 'மாறல்ல துய்க்க' (944), 'மாறுபாடு இல்லாத உண்டி மறுத்துண்ணின்' (945). உடம்போடு மாறுபடும் உணவு என்ற கருத்தே அங்கே இருக்கிறது. அலர்ஜி என்ற சொல்லை கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே 1906இல் ஆக்கியபோது கிரேக்கத்தில் 'வேறு', 'வினை' என்று பொருள்படும் இரண்டைத்தான் ஒட்டினார். வேறு, மாறு இரண்டும் ஒரே எண்ணம். ஆகவே சென்சிட்டிவிட்டிக்கு 'உண்மாறு', பிந்தி வருவதற்குப் 'பின்றை உண்மாறு'. திரும்பச் சாப்பிடுவதற்கு வள்ளுவர் சொல்லே தயாராக இருக்கிறது: மறுத்துண்ணல்.

---

ஐயா, மறுத்துண்ணல் என்பது மறுபடி உண்ணல் இல்லை. ஆசைப்பட்ட அளவை மறுத்து, நோய் வராத அளவு உண்பது என்றுதான் பரிமேலழகர் கொள்கிறார். 'உண்மாறு' என்பதை ஒருவர் 'உள் மாறு' என்றும் படிப்பார், 'உண்ணுமாறு' என்பதன் பிழை என்றும் நினைப்பார். பின்றை அழகான சொல், ஆனால் மூன்று நாள் வயிற்றுவலியோடு இருப்பவர் அகராதி தேட மாட்டார்.

---

மருத்துவம் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். சொல் அழகைவிட இது முக்கியம்.

'ஒவ்வாமை'யை இதற்குத் தொடாதீர்கள். ஐஜிஇ எதிர்ப்பொருளால் வரும் ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் காட்டிவிடும், தொண்டை வீங்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி ஒருமுறை வந்தவர் வீட்டில் தானாகச் சாப்பிட்டுப் பார்க்கவே கூடாது. இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் இந்த எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேரும்?

'தாமதம்' மட்டும் இரண்டையும் பிரித்துக்காட்டும் என்றும் நம்பாதீர்கள். உண்ணி கடித்தபின் சிலருக்கு வரும் ஆல்ஃபா-கேல் ஒவ்வாமை மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி போன்றவற்றைத் தின்று பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும், ஆனால் அது முழு ஒவ்வாமை. ஆக, பெயர்ச்சொல்லே வேறாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. ஓர் உணவுக்கும் அடுத்ததற்கும் இடையே மூன்று நாளாவது விட வேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். திங்கள் பால், செவ்வாய் கோதுமை என்று சேர்த்துவிட்டுப் புதன்கிழமை தலைவலித்தால் எதைக் குற்றம் சொல்வது? என்ன சாப்பிட்டார், எவ்வளவு, எத்தனை மணிக்கு, என்ன செய்தது என்று குறித்துவைக்கவும் சொல்லுங்கள். மூன்றாம் நாள் நினைவை நம்ப முடியாது.

---

வேறு பெயர்ச்சொல் என்றால் நம் வாயிலேயே இருக்கிறதே. 'எனக்குப் பால் சேராது.' எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறோம்! சேராமை. ஒவ்வாமை போலவே எதிர்மறைத் தொழிற்பெயர். சேர் தன்வினை, சேர்த்தல் பிறவினை. சேர்த்துப் பார்த்தோம், சேரவில்லை. ஒரே வேரிலிருந்து 'மீள்சேர்ப்பு', 'சேராமை', 'பிந்திய சேராமை' மூன்றும் வந்துவிடுகின்றன. 'ஏலாமை' என்றும் யோசித்தேன், அது உடம்பு முடியாத நிலையைக் குறிப்பதாகப் போய்விடும்.

---

'சேராமை' சரி. 'உணவுச் சேராமை'யா, 'உணவு சேராமை'யா?

---

மிகாது. உணவு சேரவில்லை என்னும்போது உணவு எழுவாய்.

---

எழுவாய்த் தொடராக நிற்கும்போது சரி. 'உணவினால் வரும் சேராமை' என்று விரித்தால் அது தொகை, மிகும். ஒவ்வாமைக்கு 'உணவு ஒவ்வாமை' என்று எழுதிப் பழகியதால் இந்தச் சிக்கல் நமக்கு இதுவரை வரவில்லை, அங்கே உயிரெழுத்து வருகிறது.

---

'உண்மாறு' பற்றி யாரும் பொருளை மறுக்கவில்லை, பழக்கமில்லை என்றுதான் சொல்கிறீர்கள். ஒரு காலத்தில் ஒவ்வாமையும் நோயாளிக்குப் பழக்கமில்லாத சொல்தான்.

---

அனைவருக்கும் நன்றி. கருத்துச் சொன்னவர்களில் ஐந்து பேர் 'சேராமை', இருவர் 'தாமத ஒவ்வாமை', ஒருவர் 'உண்மாறு'. 'பிந்திய உணவு சேராமை', 'மீள்சேர்ப்பு', 'விலக்குப் பத்தியம்' என்று அனுப்புகிறேன். பத்தியத்துக்கு இன்னொன்று தேட நேரமில்லை. ஒவ்வாமை எச்சரிக்கை முதல் பக்கத்தில் தனிக் கட்டத்தில் வருகிறது.

---

மருத்துவம் படித்தவன்தான் மறுபடியும். நானும் அந்த ஐவரில் ஒருவன், ஆனால் இப்போது பக்கத்தை அச்செழுத்தில் பார்த்தபோது தயங்குகிறேன். 'உணவு சேராமை'யை வேகமாகப் படித்தால் 'உணவு செரியாமை' என்று கண்ணில் படுகிறது. இரண்டிலும் வயிறுதான் உப்பும். அச்சுக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறதா?