மார்கழிக் கோடைக் கச்சேரி: ஆண், பெண் சேர்ந்து பாட எந்தக் கட்டை?

சாட்ஸ்வொர்த் கோஷ்டி:
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து எழுதுகிறோம். இங்கே டிசம்பர் 16 நல்லிணக்க நாள் விடுமுறை. மார்கழி பிறப்பதும் பெரும்பாலும் அதை ஒட்டியே என்பதால், அன்று மாலை கோயில் மண்டபத்தில் எங்கள் சேர்ந்திசைக் குழு பாடுகிறது. திருப்பாவையில் முதல் ஐந்து பாசுரம், திருவெம்பாவையில் நாலு பாட்டு. பெண்கள் 18, ஆண்கள் 8, ஆர்மோனியம், மிருதங்கம். சுருதியை (பாட்டின் ஆதார ஒலி உயரத்தை) 5 கட்டை வைத்தால் ஆண்களுக்கு எட்டவில்லை. 2 கட்டைக்கு இறக்கினால் பெண்கள் குரல் அமுங்கிவிடுகிறது. பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. மண்டபத்தில் ஏர்கான் உண்டு. என்ன செய்யலாம்?

சுருதிப்பெட்டி:
5 கட்டையில் ஆண்கள் பெண்களோடு ஒரே ஸ்தாயியில் (ஸ முதல் அடுத்த ஸ வரையிலான எல்லையில்) பாடப் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஒரு ஸ்தாயி கீழே பாடச் சொல்லுங்கள். அப்போது ஆதார சட்ஜமே (‘ஸ’) அவர்களுக்கு அடியில் போய்விடும். அதற்காகச் சுருதியை இறக்கிவிடாதீர்கள், அரைக் கட்டை ஏற்றுங்கள். ஐந்தரையில் ஆண்களின் சட்ஜம் நிற்கும் இடத்துக்கு வரும், பெண்களுக்கும் தார ஸ்தாயி காந்தாரம் (மேல் ஸ்தாயி ‘க’) வரை சிரமம் இருக்காது. ஒவ்வொரு பாட்டிலும் மிகக் கீழான ஸ்வரம் எது, மிக மேலான ஸ்வரம் எது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மந்திர பஞ்சமம் (கீழ் ஸ்தாயி ‘ப’) வரை இறங்கும் வரியில் ஆண்கள் வாய் திறக்க வேண்டாம், பெண்களே பாடட்டும்.

திருப்பாவைக்குப் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்த ராகங்களில் பாடுகிறீர்கள் என்றால் ஒத்திகையை மூன்றாம் பாசுரத்தில், ஆரபி ராகத்தில் தொடங்குங்கள். ஏறும்போது ஐந்தே ஸ்வரம், கூட்டத்துக்குச் சீக்கிரம் பிடிபடும். இறங்கும்போது காந்தாரத்தில் மட்டும் நிற்க விடாதீர்கள், தேவகாந்தாரி ராகத்தின் வாடை வந்துவிடும். நாலாவது, ‘ஆழிமழைக் கண்ணா’, வராளி. அதற்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும். சுத்த காந்தாரத்தை அசைத்துப் பாட வேண்டும், பிரதி மத்யமமோ (உயர்ந்த ‘ம’) பஞ்சமத்தை ஒட்டி நிற்கும். ஆர்மோனியத்தில் இந்த இரண்டும் கிடைக்காது. பெட்டியைக் கேட்டுப் பாடுகிறவர்கள் தட்டையாகத்தான் பாடுவார்கள். அந்தப் பாட்டுக்கு ஆர்மோனியத்தை மூடிவிட்டுத் தம்பூரா மட்டும் வையுங்கள்.

தொப்பி வலந்தலை:
ஐந்தரை என்று முடிவானால் மிருதங்கக்காரரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அதற்கு உயர்ந்த சுருதிக்கான குட்டை மிருதங்கம் வேண்டும். தாழ்ந்த சுருதிக்கான தக்கு மிருதங்கத்தை அவ்வளவு ஏற்றினால் தோல் கிழியும்.

டர்பன் டிசம்பர் ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். ஏர்கானுக்குள் வந்ததும் உலர்ந்து இறுகி ஏறும். வெளியே சேர்த்துக்கொண்டு வந்து நேராக மேடை ஏறினால் இரண்டாவது பாட்டிலேயே பேதம் தெரியும். ஒரு மணி நேரம் முன்பே உறையைக் கழற்றி மேடையில் வைத்துவிட்டு, அதன் பிறகு சுருதி சேர்க்கக் கல்லும் புள்ளும் (மரக்கட்டையும்) எடுங்கள். தோல் விளிம்பைச் சுற்றியுள்ள 16 கண்ணிலும் ஒரே நாதம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கண்ணைத் தட்டினால் அதற்கு எதிர்க் கண்ணையும் தட்டுங்கள். தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) அப்பி வைத்த ரவையும் ஏர்கானில் சீக்கிரம் காயும், ஈரத்துணி பக்கத்தில் இருக்கட்டும்.

மின்வெட்டு வரலாம். சுருதிப்பெட்டியில் பேட்டரி போட்டு வையுங்கள்.

மெரபேங்க் பாட்டுத்தாள்:
ரோமன் எழுத்துத் தாளில் நெடிலைத் தவறாமல் குறியுங்கள், மேலே ஒரு கோடு போதும். ‘ஏலோர் எம்பாவாய்’ ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் வருகிறது, அந்த முதல் ‘ஏ’ குறுகினால் தாளமும் சேர்ந்து நழுவும். ழ-வுக்கு இசட்டோடு எச் சேர்த்து (zh) இரண்டெழுத்தாகப் போட்டால் ஸ போல வாசிக்கிறார்கள். எல் எழுத்தின் கீழே கோடு போட்டால் ழ, புள்ளி வைத்தால் ள என்று முதல் ஒத்திகையிலேயே வாயால் சொல்லிப் பழக்குங்கள். மூச்சு வாங்கும் இடத்தைச் சிவப்பு மையில் குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் சொல்லின் நடுவில் ஆளுக்கு ஓர் இடத்தில் வாங்குவார்கள். ‘பாவாய்’ முடியும் ‘ய்’ 26 வாயிலும் ஒன்றாக அடைய வேண்டும், அதற்கு நடத்துநர் கைச்சைகை தந்தே ஆக வேண்டும்.

எட்டு ஆண்களையும் ஓரத்தில் ஒதுக்காமல் பின்வரிசை நடுவில் நிறுத்துங்கள். மைக் இரண்டு போதும். முன்வரிசைக்கு மூன்றடி முன்னால், தலைக்கு மூன்றடி மேலே, பின்வரிசையைப் பார்த்தபடி இருக்கட்டும். இரண்டு மைக்குக்கும் இடையே ஒன்பதடி விடுங்கள். நெருக்கி வைத்தால் ஒரே குரல் இரண்டிலும் விழுந்து ஒலி குழம்பும். மேடை மின்விசிறியை அணைத்துவிடுங்கள், காற்று மைக்கில் இரையும்.