கைபேசியில் வரும் இணையம் கணினியில் வரவில்லை: ஏற்காட்டிலிருந்து ஓர் உதவிக் கேள்வி

நாகலூர் காப்பித்தோட்டம்:

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது. காப்பி, மிளகுக் கணக்கெல்லாம் வீட்டிலுள்ள பழைய மேசைக் கணினியில்தான். வாங்குபவர்கள் மின்னஞ்சலில் விலை அனுப்புவார்கள். வங்கிக் கணக்கையும் அதிலேயே பார்த்துக்கொள்வேன்.

கொஞ்ச நாளாக மின்னஞ்சல், வங்கி என எதைத் திறந்தாலும் சிவப்பு முக்கோணம் வந்து, இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்கிறது. கீழே சிறிய எழுத்தில் "நெட் இஆர்ஆர் செர்ட் டேட் இன்வேலிட்" என்று ஒரு வரி இருக்கிறது. அதே வைஃபையில் என் கைபேசி நன்றாக வேலை செய்கிறது. ஓரிரண்டு பழைய தளங்கள் மட்டும் கணினியிலும் திறக்கின்றன.

கீழே ஒரு கடைக்குப் போன் செய்து கேட்டேன். "ஓஎஸ் கெட்டுவிட்டது, ஃபார்மட் செய்ய வேண்டும். ரேம் போதாது. ஹார்ட் டிஸ்க்கையும் மாற்றிவிடுவது நல்லது. பெட்டியைக் கொண்டு வாருங்கள்" என்றார்கள். பெட்டியோடு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் இறங்குவதற்கு முன், இந்தச் சொற்களுக்கு என்ன பொருள், உண்மையில் எது பழுது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அம்மாப்பேட்டை மாணவன்:

அக்கா, முதலில் பிரவுசரின் கேஷையும் குக்கீயையும் அழித்துப் பாருங்கள். பிரவுசர் என்பது நீங்கள் இணையப் பக்கங்களைத் திறக்கும் மென்பொருள். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் எல்லாம் பிரவுசர்கள்தான். ஒருமுறை பார்த்த பக்கத்தின் படங்களை அடுத்த முறை சீக்கிரம் காட்டுவதற்காகக் கணினியிலேயே எடுத்து வைத்துக்கொள்ளும், அதுதான் கேஷ். நீங்கள் ஏற்கனவே உள்நுழைந்தவர் என்று ஒரு தளம் அடையாளம் காண்பதற்காக உங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு குக்கீ. அழித்தால் கணக்குகள் எதுவும் போகாது, மறுபடி பாஸ்வேர்டு மட்டும் கேட்கும். வேறொரு பிரவுசரிலும் திறந்து பாருங்கள்.

நாகலூர் காப்பித்தோட்டம்:

அழித்துப் பார்த்தேன் தம்பி, மாற்றம் இல்லை. வேறு பிரவுசரிலும் இதே எச்சரிக்கைதான் வருகிறது.

மேட்டூர் சாலை:

எச்சரிக்கைப் பக்கத்தின் அடியில் கூடுதல் விவரம் காட்டும் பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் "இருந்தாலும் தொடர்க" என்று வரும், உள்ளே போய்விடலாம். முடியவில்லை என்றால் உங்கள் எண்ணை இங்கே போடுங்கள். ஓர் ஆப் அனுப்புகிறேன், இங்கிருந்தபடியே உங்கள் கணினியைத் திறந்து சரிசெய்து தருகிறேன்.

அஸ்தம்பட்டி ஆசிரியர்:

அம்மா, மேலே சொன்ன இரண்டையும் தயவுசெய்து செய்யாதீர்கள். வங்கிப் பக்கத்தில் இந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போவது கூடவே கூடாது. முன்பின் தெரியாதவருக்குக் கணினியைத் தொலைவிலிருந்து திறந்து விடுவது அதைவிடவும் ஆபத்து. நண்பர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் இதே முறையில்தான் பலரின் வங்கிக் கணக்கு காலியாகிறது. அப்படி யாருக்காவது பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இணைய நிதி மோசடிக்கான அரசு உதவி எண் அது.

இனி உங்கள் பழுதுக்கு வருவோம். நீங்கள் அந்தச் சிறிய எழுத்து வரியை அப்படியே எழுதியது பெரிய உதவி. அதில் "டேட்" என்று இருக்கிறது அல்லவா? கணினித் திரையின் வலது கீழ் மூலையில் என்ன தேதி காட்டுகிறது என்று பாருங்கள். கணினியை நிறுத்திய பிறகு பிளக்கைப் பிடுங்கி வைக்கும் பழக்கம் உண்டா? இந்த இரண்டுக்கும் பதில் எழுதுங்கள்.

நாகலூர் காப்பித்தோட்டம்:

ஐயா, தேதி 2012 ஜனவரி 1 என்று காட்டுகிறது! நான் அந்த மூலையைக் கவனிப்பதே இல்லை. பிளக்கும் நீங்கள் சொன்னபடிதான். இந்தப் பருவத்தில் மாலையானால் இடி மின்னல். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு டிவி போய்விட்டது. அதனால் இரவில் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுவோம். காலையில் கணினியைப் போட்டால் கருப்புத் திரையில் ஏதோ எழுதி, எஃப்1 அழுத்தச் சொல்கிறது. அழுத்தினால் வழக்கம்போல விண்டோஸ் வந்துவிடுகிறது.

அஸ்தம்பட்டி ஆசிரியர்:

அப்படியானால் தெரிந்துவிட்டது. பெட்டியை எங்கும் தூக்க வேண்டாம். ஒரு சிறிய பேட்டரி தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று உங்களுக்கும் புரிய வேண்டும். புரிந்தால் அடுத்த முறை யார் எந்தச் சொல்லைச் சொன்னாலும் நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

முகவரிப் பட்டையில் தளத்தின் பெயருக்கு முன்னால் எச்டிடிபிஎஸ் என்று இருக்கும். அந்தக் கடைசி எஸ், நீங்கள் அனுப்பும் பாஸ்வேர்டு முதலியவை வழியில் யாரும் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்படுகின்றன என்பதைக் குறிக்கிறது. அப்படி அனுப்புவதற்கு முன், எதிரே இருப்பது உண்மையான வங்கியின் சர்வர்தானா என்று பிரவுசர் சோதிக்கும். சர்வர் என்பது அந்தத் தளத்தை வைத்திருந்து, கேட்பவர்களுக்கு அனுப்பித் தரும் கணினி. அது ஒரு டிஜிட்டல் சான்றிதழைக் காட்டும். அதில் தொடங்கும் நாள், முடியும் நாள் இரண்டும் இருக்கும். உங்கள் பிரவுசர் அதை உங்கள் கணினியின் தேதியோடுதான் ஒப்பிடுகிறது. இந்த மாதத்துப் பஸ் பாஸை, 2012 காலண்டரைக் கையில் வைத்திருக்கும் கண்டக்டரிடம் நீட்டினால் செல்லாது என்றுதான் சொல்வார். பாஸ் சரியானதுதான், காலண்டர்தான் தப்பு.

ஓரிரு பழைய தளங்கள் திறப்பதற்கும் இதுவே காரணம். அவை எஸ் இல்லாத எச்டிடிபி தளங்கள். அங்கே சான்றிதழும் இல்லை, சோதனையும் இல்லை. கைபேசி தன் நேரத்தை நெட்வொர்க்கிலிருந்து எடுத்துக்கொள்வதால் அதற்குச் சிக்கல் வரவில்லை. ஒரே வைஃபையில் கைபேசி ஓடுகிறது என்றால் ரவுட்டர், கேபிள், இணைய நிறுவனம் மூன்றும் சரியாக இருக்கின்றன என்று பொருள். இரண்டு பிரவுசரிலும் ஒரே பிழை என்றால் பிரவுசர் மீதும் பழியில்லை. மிச்சம் இருப்பது கணினிதான்.

கணினியின் உள்ளே மதர்போர்டு என்ற பெரிய பச்சை அல்லது நீலப் பலகை இருக்கிறது. அதில் நாணயம் போல ஒரு பேட்டரி செருகப்பட்டிருக்கும். சீமாஸ் பேட்டரி என்பார்கள். கணினிக்கு மின்சாரம் இல்லாத நேரத்தில் உள்ளே இருக்கும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். பிளக் செருகியிருக்கும் வரை, கணினி நின்றிருந்தாலும் பலகைக்குச் சிறிது மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். ஆகவே பேட்டரி தீர்ந்தாலும் வெளியே தெரியாது. நீங்கள் மின்னலுக்குப் பயந்து பிடுங்குவதால் ஒவ்வோர் இரவும் கடிகாரம் நின்று, தொடக்கத் தேதிக்குப் போய்விடுகிறது. பிடுங்குவது சரியான பழக்கம், அதை விடாதீர்கள்.

கடைக்காரர் சொன்ன சொற்கள்: ஓஎஸ் என்பது ஆப்பரேட்டிங் சிஸ்டம். உங்கள் கணினியில் அது விண்டோஸ், கைபேசியில் ஆண்ட்ராய்டு. அது கெட்டிருந்தால் எஃப்1-க்குப் பிறகு இப்படி ஒழுங்காகத் தொடங்கியிருக்காது. ஹார்ட் டிஸ்க் உங்கள் கணக்குகளும் படங்களும் நிரந்தரமாக இருக்கும் இடம். ரேம் என்பது வேலை நடக்கும்போது மட்டும் பயன்படும் நினைவகம், நிறுத்தினால் காலியாகிவிடும். ரேம் போதாவிட்டால் கணினி மந்தமாகுமே தவிர, சான்றிதழ்ப் பிழை வராது. ஃபார்மட் என்பது டிஸ்க்கைத் துடைத்துவிடுவது. நகல் எடுக்காமல் ஃபார்மட் செய்திருந்தால் உங்கள் தோட்டக் கணக்கு முழுவதும் போயிருக்கும். அவ்வளவும் போன பிறகும் மறுநாள் காலை 2012 என்றுதான் காட்டியிருக்கும்! பிழைச் செய்தியைக் கூடக் கேட்காமல் டிஸ்க்கை மாற்றச் சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

அம்மாப்பேட்டை மாணவன்:

ஐயா, தேதியை விண்டோஸ் இணையத்திலிருந்து தானாகவே திருத்திக்கொள்ளும் அல்லவா?

அஸ்தம்பட்டி ஆசிரியர்:

சிறிய பிசகை மட்டும் திருத்தும் தம்பி. வீட்டுக் கணினிகளில் வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டினால் இயல்பான அமைப்பில் அது கைவைக்காது. இங்கே ஆண்டுக்கணக்கில் விலகல். அதனால் முதலில் கையால் தேதியைச் சரிசெய்துவிட்டு, பிறகு தானாகத் திருத்திக்கொள்ளும்படி விட வேண்டும். நேர மண்டலம் இந்திய நேரமான யுடிசி +5.30 என்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அம்மா, இன்றைக்கே வங்கி வேலை இருந்தால் தேதியை மாற்றிவிட்டுப் பாருங்கள், திறக்கும். நிரந்தரத் தீர்வுக்குப் பேட்டரி. அதன் மேல் சிஆர்2032 என்று பொறித்திருக்கும். 20 என்பது 20 மில்லிமீட்டர் விட்டம், 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிமன். 3 வோல்ட். சிஆர்2025 கொடுத்தால் வாங்காதீர்கள், அகலம் ஒன்றாக இருந்தாலும் அது மெலிது, சரியாகப் பதியாது. கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

கணினியை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்கிவிடுங்கள். பின்பக்கத் திருகுகளைக் கழற்றிப் பக்கத் தகட்டை நகர்த்துங்கள். உள்ளே கைவைக்கும் முன் பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள், உடலில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். பேட்டரியின் ஓரத்தில் ஒரு சிறிய உலோக நாக்கு இருக்கும். அதை நகத்தால் வெளிப்பக்கம் தள்ளினால் பேட்டரி எழும்பி வரும். புதியதைக் கூட்டல் குறி உங்களைப் பார்த்தபடி வைத்து அழுத்துங்கள். பழையதைக் கண்ட இடத்தில் போட வேண்டாம். குழந்தைகள் விழுங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், உயிருக்கே ஆபத்து.

முதல்முறை போடும்போது எஃப்1 மறுபடி கேட்கலாம். தேதியை ஒருமுறை சரிசெய்தால் அதன்பின் நிலைத்துவிடும்.

நாகலூர் காப்பித்தோட்டம்:

ஐயா, தேதியை மாற்றியதும் மின்னஞ்சல் திறந்துவிட்டது! பேட்டரியை ஏற்காடு கடைத்தெருவிலேயே வாங்கி, என் மகள் மாட்டினாள். இரவு பிளக்கைப் பிடுங்கியே வைத்தோம். காலையில் சரியான தேதி, எஃப்1-ம் கேட்கவில்லை. கணக்குகளை எல்லாம் பென் டிரைவில் நகல் எடுத்துவிட்டேன். மிக்க நன்றி.

இன்னும் ஒன்று கேட்கலாமா? நாங்கள் பணம் கட்டுவது 40 எம்பிபிஎஸ் இணைப்புக்கு. டவுன்லோடு செய்யும்போது 5 எம்பிக்கு மேல் ஏறுவதே இல்லை. குறைத்துக் கொடுக்கிறார்களா?

அம்மாப்பேட்டை மாணவன்:

இல்லை அக்கா, முழுதாகவே வருகிறது. நிறுவனம் சொல்வது விநாடிக்கு 40 மெகாபிட். பிரவுசர் காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட், 40-ஐ எட்டால் வகுத்தால் 5.

வாழப்பாடி தறிவீடு:

இதைப் படித்துவிட்டு என் மடிக்கணினியிலும் தேதியைப் பார்த்தேன், சரியாகவே இருக்கிறது. எனக்கு வரும் பிழை வேறு: சர்வரின் முகவரியைக் கண்டறிய முடியவில்லை என்கிறது, டிஎன்எஸ் என்றும் ஒரு சொல் இருக்கிறது. எந்தத் தளத்துக்கும் இதே கதைதான். எதைப் பார்ப்பது?

அஸ்தம்பட்டி ஆசிரியர்:

நாம் தளத்தின் பெயரை எழுதுகிறோம். கணினிகளோ ஐபி முகவரி என்ற எண்களைக் கொண்டுதான் ஒன்றையொன்று அடைகின்றன. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தரும் சேவை டிஎன்எஸ். உங்களுக்கு அந்த இடத்தில்தான் தடை.

அதே வைஃபையில் கைபேசியில் ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள், மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு. கைபேசியிலும் வராவிட்டால் ரவுட்டரை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். அப்படியும் வராவிட்டால் இணைய நிறுவனத்தைக் கூப்பிட வேண்டியதுதான். கைபேசியில் மட்டும் வந்தால் மடிக்கணினியின் நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் தானாகப் பெறும்படி இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று கையால் கொடுத்துப் பாருங்கள். முதலாவது கூகுளுடையது, மற்றது கிளவுட்ஃபிளேருடையது, இரண்டும் பொதுச் சேவைகள். கைபேசியில் என்ன வந்தது என்பதை முதலில் எழுதுங்கள்.